கேஜன் சால்மன்: மசாலா கருகுகிறது, மீன் வேகவில்லை, என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கடையில் கேஜன் மசாலா என்று ஒரு டப்பா வாங்கி, சால்மன் துண்டில் அப்பிப் பூசி, இரும்புச் சட்டியைப் புகை கிளம்பும்வரை காய வைத்துப் போட்டேன், மசாலா கரியாகிக் கசக்கிறது, நடுவில் மீன் பச்சையாக இருக்கிறது, வீடு முழுக்கப் புகை. கூடவே, கேஜனும் க்ரியோலும் வேறு வேறா, இல்லை ஒரே டப்பாவுக்கு இரண்டு பெயரா?

முதலில் ஒன்று. இதில் உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நீங்கள் பின்பற்றிய முறை சால்மனுக்காக உண்டானதே இல்லை. கேஜன் சமையலின் ஊரான, அமெரிக்காவின் தெற்கு மாநிலம் லூயிசியானா பக்கத்துக் கடலில் சால்மன் கிடையாது, அங்கே கிடைப்பது ரெட்ஃபிஷ், ஸ்னாப்பர், பாம்பனோ, ஆற்றிலும் சதுப்பிலும் கேட்ஃபிஷ், இறால், நண்டு, க்ராஃபிஷ். மேலெல்லாம் கறுக்க மசாலா பிடித்து வரும் அந்த 'ப்ளாக்கன்டு' முறை ரெட்ஃபிஷ்ஷுக்காக வந்தது, அதுவும் பழைய கிராமத்துச் சமையல் இல்லை, 1980 வாக்கில் அந்த மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு சமையல்காரர் கண்டுபிடித்தது. அவர் பால் ப்ரூடோம். ஒபலூசஸ் என்ற கேஜன் ஊரில் 1940இல் பிறந்தவர், கமாண்டர்ஸ் பேலஸ் என்ற பெரிய உணவகத்தில் தலைமைச் சமையல்காரராக இருந்துவிட்டு, 1979இல் மனைவியோடு சேர்ந்து அந்நகரின் பிரெஞ்சு குவார்ட்டர் பகுதியில் கே-பால்ஸ் என்ற சின்ன உணவகத்தைத் திறந்தார். அங்கே நெருப்பில் வாட்டுவதற்கு கிரில் இல்லை. அதனால் வார்ப்பிரும்புச் சட்டியை அளவுக்கு மீறிக் காய வைத்து, உருக்கிய வெண்ணெயில் முக்கி மசாலா பூசிய மீனை அதில் போட்டு எடுத்தார். அது பற்றிக்கொண்ட வேகத்தில் நாடு முழுக்க எல்லா உணவகமும் ரெட்ஃபிஷ் கேட்க ஆரம்பித்து, அந்த மீன் வளமே ஆட்டம் கண்டு, 1980களின் பிற்பகுதியில் அரசு மெக்சிகோ வளைகுடாவில் அதை வணிகத்துக்காகப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. முறை பிரபலமாகிவிட்டது, மீன் கிடைக்கவில்லை, அப்போது கிடைத்த மீனிலெல்லாம் அதே மசாலாவைப் பூச ஆரம்பித்தார்கள். எல்லா ஊரிலும் எல்லா நாளும் கிடைக்கும் சால்மனும் அந்த வரிசையில் வந்து சேர்ந்தது.

இந்தக் கதையை நீட்டிச் சொல்வதற்குக் காரணம், உங்கள் பிரச்சினைக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது. ரெட்ஃபிஷ் துண்டு மெல்லியது, 2 செ.மீ.க்கும் குறைவு, கொழுப்பும் கம்மி. சட்டி எவ்வளவு கொதித்தாலும் பக்கத்துக்கு 2 நிமிடத்தில் மீன் வெந்துவிடும், மசாலா கருகுவதற்கு முந்தைய அந்தக் கறுஞ்சிவப்புப் பதத்தில் எடுத்துவிடலாம். சால்மனின் நடுத்துண்டு 3, 4 செ.மீ. கனம் இருக்கும். அதே சூட்டில் அது வேக 8 நிமிடம் ஆகும், மசாலாவோ 3ஆம் நிமிடத்திலேயே கரியாகிவிடும். பாப்ரிகாவிலும் பூண்டுப்பொடியிலும் இயல்பாகவே சர்க்கரைச் சத்து இருக்கிறது, அதுதான் முதலில் நிறம் மாறி, பிறகு கருகி, பிறகு கசக்கும். உங்கள் டப்பாவில் பிரவுன் சுகர் வேறு சேர்த்திருந்தால் கதை இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஆக, சால்மனுக்கு இரண்டு வழி. ஒன்று, மீனை மெலிதாக்குவது: வால் பக்கத் துண்டு கேளுங்கள், அல்லது நடுத்துண்டைக் குறுக்கே சாய்த்து 2 செ.மீ. கனத்துக்கு வெட்டுங்கள். இரண்டு, சூட்டைக் குறைத்துப் பிரித்துக் கொடுப்பது: மசாலா பக்கத்துக்கு மட்டும் பலமான சூடு, மிச்சத்தை மெதுவாக. நான் இரண்டாவதைத்தான் செய்வேன், ஏனென்றால் கனமான சால்மனில்தான் உள்ளே அந்த மெழுகு மாதிரியான பதம் கிடைக்கும், மெல்லியதில் கண் மூடித் திறப்பதற்குள் வறண்டுவிடும்.

மசாலாவை வீட்டிலேயே கலந்துகொள்ளுங்கள். டப்பா மசாலாவில் பெரும்பாலும் முதல் பொருளே உப்பு, டோனி ஷாஷரே என்ற லூயிசியானா கம்பெனியின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். அதை அப்பிப் பூசினால் காரம் வருவதற்கு முன் உப்புக் கரிக்கும். ஆளுக்கு 150 கிராம் வீதம் 4 துண்டுக்கு: பாப்ரிகா 1 டேபிள்ஸ்பூன், வெங்காயப்பொடி 1 டீஸ்பூன், பூண்டுப்பொடி முக்கால் டீஸ்பூன், கேயன் மிளகாய்த்தூள் முக்கால் டீஸ்பூன், கருமிளகும் வெள்ளைமிளகும் அரை அரை டீஸ்பூன், காய்ந்த தைம், ஆரிகனோ அரை அரை டீஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன். மிளகாய், கருமிளகு, வெள்ளைமிளகு மூன்றும் சேர்வதுதான் இதன் ரகசியம், ஒவ்வொன்றின் காரமும் நாக்கில் வெவ்வேறு விதமாக ஏறும். வெள்ளைமிளகை விட்டுவிடாதீர்கள், அதன் ஒரு மாதிரியான புளித்த வாசனை இல்லையென்றால் இது சாதாரண மிளகாய்ப்பொடி வறுவல் ஆகிவிடும்.

பாப்ரிகா இல்லையென்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் போடலாம், நிறம் கிடைக்கும், காரம் கொஞ்சம் கூடும், அதற்குத் தக்கபடி கேயனைக் கால் டீஸ்பூனாகக் குறைத்துவிடுங்கள். நம் வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூள் வேண்டாம், அதில் மல்லி, சீரகம் எல்லாம் இருக்கிறது. சீரகம் பட்டால் சுவை மெக்சிகோ பக்கம் போய்விடும், கரம் மசாலா பட்டால் நம் ஊருக்கே திரும்பிவிடும். ஸ்மோக்ட் பாப்ரிகா போடச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு, அது ஸ்பெயின்காரர்கள் சரக்கு. போட்டால் குற்றமில்லை, ஆனால் சட்டியே புகை வாசனை கொடுக்கும்போது எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும்.

இனி மீன். உறைந்ததை வாங்கினால் வாக்குவம் கவரை உரித்துவிட்டு, மூடிய பாத்திரத்தில் வைத்து ஃப்ரிட்ஜிலேயே உருகவிடுங்கள். காற்றுப்புகாத கவரோடு உருகவிடக் கூடாது, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் போட்டுலிசம் கிருமிக்கு அது வசதி. பிறகு, அரை லிட்டர் குளிர்ந்த நீரில் 2 டேபிள்ஸ்பூன் உப்பைக் கரைத்து அதில் துண்டுகளை 10 நிமிடம் போட்டு வைத்து எடுங்கள். வேகும்போது பக்கவாட்டில் பிதுங்கி வரும் அந்த வெள்ளைத் திரவம் இருக்கிறதே, அது கொழுப்பு இல்லை, புரதம். உப்புநீரில் ஊறினால் அது குறையும். இப்படிச் செய்தால் மசாலாவில் உப்பைப் பாதியாக்கிவிடுங்கள். அப்புறம் டிஷ்யூவால் ஒற்றி ஒற்றி, கை வைத்தால் ஒட்டும் அளவுக்குக் காய வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் மசாலா வறுபடாது, அவியும். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

தோலோடு வாங்குங்கள். தோல் பக்கம் மசாலா வேண்டாம், கொஞ்சம் எண்ணெய், உப்பு போதும். சதைப்பக்கத்தை மட்டும் உருக்கிய வெண்ணெயில் தொட்டு, மசாலாவைத் தூவி லேசாக அழுத்துங்கள். சிவப்பாக ஒரு படலம் தெரிந்தால் சரி, கோட்டிங் மாதிரி அப்ப வேண்டியதில்லை. வெண்ணெயை மீனில்தான் தடவ வேண்டும், சட்டியில் ஊற்றக் கூடாது, ஊற்றினால் அது தனியாகக் கருகும். நெய் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நெய் எளிதில் கருகாது, உண்மைதான். ஆனால் வெண்ணெயில் இருக்கும் அந்தப் பால் படிவு மசாலாவோடு சேர்ந்து சிவந்து முறுகுவதில்தான் இந்தப் பண்டத்தின் வாசனையே இருக்கிறது. பாதி நெய், பாதி வெண்ணெய் என்றால் சால்மனுக்கு நல்ல சமாதானம்.

வார்ப்பிரும்புத் தவாவை மிதமான தீயில் 5, 6 நிமிடம் காய விடுங்கள். ரெட்ஃபிஷ்ஷுக்குச் சட்டி நடுவில் சாம்பல் பூக்கும்வரை காய்ச்சுவார்கள், நமக்கு அது வேண்டாம், தண்ணீர்த் துளி உருண்டு ஓடினால் போதும். நான்-ஸ்டிக் சட்டியில் இந்த வேலையே கூடாது, வெறுமனே அவ்வளவு சூடாக்கினால் பூச்சு கெட்டு நச்சுப்புகை வரும். மசாலா பக்கம் கீழே இருக்கும்படி மீனைப் போட்டு, 2 நிமிடம் தொடாமல் விடுங்கள். மெல்லிய தோசைத் திருப்பியால் ஒரே தூக்காகத் திருப்புங்கள், மேலே கறுஞ்சிவப்பாக, ஓரத்தில் மட்டும் கறுத்து இருக்க வேண்டும். உடனே தீயைக் குறைத்து, தோல் பக்கத்தில் 4 முதல் 6 நிமிடம், கனத்தைப் பொறுத்து. ரொம்பக் கனமென்றால் திருப்பியதும் சட்டியோடு 180 டிகிரி ஓவனில் 5 நிமிடம் வைத்துவிடுங்கள்.

வெந்ததா என்று முள்கரண்டியால் பிளந்து பார்ப்பதை விடத் தெர்மாமீட்டர் வாங்கிவிடுவது உத்தமம். அமெரிக்க அரசு மீனுக்குச் சொல்லும் அளவு 63 டிகிரி செல்சியஸ். பண்ணையில் வளர்த்த அட்லாண்டிக் சால்மனை நடுவில் 52 டிகிரியிலேயே எடுக்கிற சமையல்காரர்கள் நிறைய, நானும் அப்படித்தான், தட்டுக்கு வருவதற்குள் அது இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். சாக்ஐ (sockeye) மாதிரி காட்டு சால்மனில் கொழுப்பு குறைவு, அது இன்னும் சீக்கிரம் வறளும், தீயையும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காட்டு சால்மனில் ஒட்டுண்ணிப் புழு இருக்க வாய்ப்பு உண்டு, மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைந்திருந்தால் அது செத்துவிடும், உறையாமல் வந்த காட்டு மீன் என்றால் 63 வரை போய்விடுங்கள். கர்ப்பிணிகள், வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவதாக இருந்தாலும் 63தான், அதில் விவாதம் வேண்டாம்.

புகை விஷயம். வற்றல் மிளகாய் வறுத்த வீட்டில் இருமல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் சட்டியை அடுப்பில் வைக்கவே வேண்டும், முடிந்தால் பால்கனியில் கேஸ் அடுப்பு. லூயிசியானாவிலும் இதை வீட்டுக்குள் செய்யாதே, வெளியே செய் என்றுதான் சொல்வார்கள். வாடகை ஃப்ளாட்டில் புகை அலாரம் கத்துமே என்றால், 220 டிகிரி ஓவனில் 9, 10 நிமிடம், இல்லை ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் 8 நிமிடம். சுவையாகத்தான் இருக்கும், அதை ப்ளாக்கன்டு என்று மட்டும் கூப்பிடாதீர்கள்.

சரி, க்ரியோலுக்கு வருவோம். இரண்டும் லூயிசியானா, இரண்டிலும் வெங்காயம், செலரி, பச்சைக் குடமிளகாய் மூன்றும்தான் அடித்தளம், அதை அங்கே 'ஹோலி ட்ரினிட்டி' என்பார்கள். ஆனால் ஆட்கள் வேறு. கேஜன்கள் என்பவர்கள் கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் குடியிருந்த பிரெஞ்சு பேசும் விவசாயிகளின் வாரிசுகள். 1755 முதல் பிரிட்டிஷார் அவர்களை அங்கிருந்து விரட்டியடிக்க, அலைந்து திரிந்து 1760களிலிருந்து தெற்கு லூயிசியானாவின் சதுப்புகளிலும் புல்வெளிகளிலும் வந்து குடியேறினார்கள். ஒரே பானையில் கிடைத்ததைப் போட்டுச் சமைத்த நாட்டுப்புறச் சமையல் அது. க்ரியோல் நகரத்துச் சமையல். நியூ ஆர்லியன்ஸை 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தார்கள், பிறகு நாற்பது ஆண்டு ஸ்பெயின் கையில் இருந்தது, 1803இல் அமெரிக்கா வாங்கியது. துறைமுகம் ஆனதால் வெண்ணெய், தக்காளி, கரீபியன் சரக்கு எல்லாம் வந்து இறங்கின, பின்னாளில் சிசிலிக்காரர்களும் வந்தார்கள். இதையெல்லாம் அடுப்பில் ஏற்றிச் சமைத்தவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான், கம்போ என்ற அந்த ஊர்க் குழம்பில் வெண்டைக்காய் வந்ததே அவர்கள் வழியாக. அடுப்படியில் எளிதாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், தக்காளி இருந்தால் க்ரியோல் என்று பொதுவாகச் சொல்லலாம், விதிவிலக்கு நிறைய உண்டு. கேஜன் என்றால் வாய் எரியும் காரம் என்ற எண்ணமும் சரியில்லை, பெரும்பாலான கேஜன் வீட்டுச் சாப்பாடு நம் நாக்குக்குச் சப்பென்றுதான் இருக்கும்.

டப்பாக்களில் இந்த வேறுபாட்டைத் தேடினால் தலை சுற்றும். டோனி ஷாஷரே கம்பெனி இருப்பது கேஜன் நாட்டு ஒபலூசஸில், டப்பாவில் எழுதியிருப்பதோ க்ரியோல் மசாலா. ப்ரூடோமே கேஜன் ஊர்க்காரர், கடை போட்டது க்ரியோல் நகரத்தில். கலந்துதான் கிடக்கிறது.

சால்மனைப் பொறுத்தவரை எனக்கு முக்கியமான வேறுபாடு வேறு. கேஜன் ப்ளாக்கனிங் முறை வறட்டுச் சூட்டில் மீனைச் சோதிக்கிறது, க்ரியோல் முறையில் மீன் குழம்புக்குள் பதமாக வேகிறது. புதிதாகச் செய்பவர்களுக்கு நான் க்ரியோலைத்தான் சொல்வேன். தக்காளிப் புளிப்பு சால்மனின் கொழுப்பை வெட்டும், கருகும் பயம் இல்லை, வீட்டில் புகையும் இல்லை. அங்கே ரெட்ஃபிஷ்ஷைத் தக்காளிக் குழம்பில் வேக வைக்கும் கூர்பூயோன் என்று ஒன்று உண்டு, அதன் சாயலில் இதைச் செய்யலாம்.

4 துண்டுக்கு: கனமான சட்டியில் 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய். ஒரு பெரிய வெங்காயம், செலரி 2 தண்டு, ஒரு பச்சைக் குடமிளகாய், எல்லாம் பொடியாக நறுக்கியது. சிவப்புக் குடமிளகாய் வேண்டாம், அது தித்திக்கும், பச்சையின் அந்த லேசான கசப்புதான் இங்கே தேவை. மிதமான தீயில் 12 நிமிடமாவது வதக்குங்கள், வெங்காயம் கண்ணாடி பதத்தைத் தாண்டி ஓரம் பழுப்பாகத் தொடங்க வேண்டும். நான்கு பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் மைதா தூவி ஒரு நிமிடம் கிளறி, 400 கிராம் டின் தக்காளி, ஒரு கப் மீன் அல்லது கோழி ஸ்டாக், தைம், கேயன், ஒரு பே லீஃப். நம் கடைகளில் பிரியாணி இலை என்று கிடைப்பது வேறு மரம், நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசனை அடிக்கும், அதைப் போட்டால் குழம்பு குருமா பக்கம் சாயும், கிடைக்காவிட்டால் போடாமலே விடுங்கள். வூஸ்டர்ஷயர் சாஸ் 2 டீஸ்பூன். இங்கிலாந்துச் சரக்கு என்று பெயர், உள்ளே இருப்பது நெத்திலியும் நம் புளியும். 20 நிமிடம் மூடாமல் கொதித்துச் சுண்டட்டும், டபாஸ்கோ மாதிரி ஒரு வினிகர் மிளகாய் சாஸ் நான்கைந்து சொட்டு விட்டு உப்புப் பாருங்கள்.

தோல் நீக்கிய சால்மன் துண்டுகளைக் குழம்பில் முக்கால் முழுகும்படி வைத்து, தீயைக் குறைத்து, மூடி 7, 8 நிமிடம். குமிழி மெதுவாக வந்தால் போதும், தளதளவென்று கொதித்தால் மீன் உதிர்ந்துவிடும். கிளறவே கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்டிக்கொள்ளலாம், மீன் குழம்பு வைத்துப் பழகிய கைக்கு இது தெரியும். இறக்கி வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் தூவி, வெள்ளைச் சோற்றோடு சாப்பிட வேண்டும். தெற்கு லூயிசியானா நெல் விளையும் பூமி, அங்கே இந்த மாதிரிக் குழம்புக்கெல்லாம் சோறுதான், ரொட்டி கூட இரண்டாம் பட்சம்.

ப்ளாக்கன்டு சால்மனோடு என்ன வைக்கலாம் என்றால், சோளத்தை வெங்காயம், குடமிளகாயோடு வெண்ணெயில் வதக்கும் மாக் ஷூ என்ற கேஜன் பதார்த்தம் நன்றாகச் சேரும், இனிப்புக்கும் காரத்துக்கும் சரியாக இருக்கும். க்ரீம் பாஸ்தா மேல் கேஜன் சால்மன் வைத்துத் தருகிற உணவகங்கள் ஏராளம், அது அமெரிக்கச் சங்கிலி உணவகங்களின் வேலை, நன்றாகத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. கம்போவில் மட்டும் சால்மனைப் போடாதீர்கள். நீண்ட நேரம் கொதிக்கும் கறுத்த ரூ (கொழுப்பில் வறுத்த மாவு) குழம்பில் அது துகளாகி, எண்ணெய் மிதந்து, வாசனை முழுவதையும் தானே எடுத்துக்கொள்ளும்.

மிஞ்சினால் மறுநாள் மைக்ரோவேவில் சுட வைக்க வேண்டாம், வாடை தாங்காது. உதிர்த்து, ஒரு முட்டை, நறுக்கிய வெங்காயம், செலரி, கொஞ்சம் பிரட் தூள் சேர்த்துத் தட்டி, எண்ணெயில் இரு பக்கமும் பொரித்துவிடுங்கள். அமெரிக்கத் தெற்கில் டின் சால்மனை வைத்து இந்த க்ரோக்கெட் காலங்காலமாக உண்டு, அதற்கு மேலே மயோனைஸ், கடுகு, ஹாட் சாஸ், பொடியாக நறுக்கிய ஊறுகாய் வெள்ளரி கலந்த ரெமுலாட் ஒரு கரண்டி வைத்தால் முதல் நாள் மீனை விட இதற்குத்தான் வீட்டில் போட்டி இருக்கும்.